முன்சக்கரம் ஏன் முறிகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிறிய விமானங்கள் இறங்கும்போது முன்சக்கரம் முறிந்து மூக்குக் குத்தி நிற்கின்றனவே. சக்கரம் அவ்வளவு பலவீனமானதா?
– வாசகி, தெகிவளை

பதில்: இறங்கும் அடியைத் தாங்குவதற்கென்றே இருப்பவை பின்னாலுள்ள இரு பிரதான சக்கரங்கள். நால்வர் பயணிக்கும் சிறு விமானமான செஸ்னா 172இல் அவற்றின் கால்கள் வளைந்து கொடுக்கும் உருக்கினாலானவை. முன்சக்கரத்தின் கால் எண்ணெயும் அழுத்தக் காற்றும் அடைத்த குழாய். தரையில் பாரம் சுமக்கவும் திருப்பவும் அது போதும். நேரடி அடியைத் தாங்காது.

அந்த அடிக்குப் பெரும்பாலும் காரணம் வேகம். 65 நொட்டில் (மணிக்குச் சுமார் 120 கிலோமீற்றர்) வரவேண்டிய விமானம் 75இல் வந்தால் இயக்கச் சக்தி மூன்றிலொரு பங்கு கூடிவிடும். ஃபிளப் (வேகம் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தகடு) முழுவதும் இறக்கியிருந்தாலும் தரைதொடாமல் மிதந்துகொண்டே போகும். பாதை தீர்ந்துவிடுமோ என்று விமானி மூக்கை அழுத்துவார். முன்சக்கரம் முதலில் மோதி விமானம் துள்ளும். துள்ளியதை அடக்க மறுபடி அழுத்துவார். கை எப்போதும் சற்றுப் பிந்தியே வேலைசெய்வதால் அடுத்த துள்ளல் இன்னும் கடுமையாகும். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ கால் மடிந்து புரொப்பெல்லர் தரையில் அடிக்கும்.

சிறு துள்ளலென்றால் மூக்கைச் சற்று உயர்த்தியபடியே பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்து அமரவிடலாம். பெரிதென்றால் யோசிக்கவே கூடாது: முழு பவர், ஃபிளப் 20 பாகைக்கு, மேலெழுந்து இன்னொரு சுற்று. கொழும்புக்கு அருகேயுள்ள இரத்மலானை விமான நிலைய ஓடுபாதை 1,800 மீற்றர் அளவு நீளம். செஸ்னா 172 சரியான வேகத்தில் வந்தால் அரைக் கிலோமீற்றருக்குள் நின்றுவிடும். அங்கே அவசரப்பட்டு அழுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கவனிக்க வேண்டியது கடற்காற்று. அங்கே தென்மேற்கு நோக்கிய 22ஆம் ஓடுபாதையில் இறங்கும்போது நேர் மேற்கிலிருந்து 15 நொட் வீசினால், பக்கக்காற்று மட்டும் ஏறத்தாழ 11 நொட். சக்கரம் தொட்ட பிறகும் காற்று வரும் பக்கம் எய்லரோனை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடு) திருப்பியே வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: வளைந்த புரொப்பெல்லரை மாற்றிவிட்டால் மறுபடி பறக்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: கூடாது. சுழலும் புரொப்பெல்லர் திடீரெனத் தடைபடும்போது அந்த அதிர்ச்சி என்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும் அதன் பின்முனைப் பற்சக்கரத்துக்கும் போகும். வெளியில் ஒன்றும் தெரியாது. உள்ளே மயிரிழை வெடிப்பு இருக்கலாம். என்ஜினைக் கழற்றி, வெடிப்புச் சோதனை செய்து, அந்தப் பற்சக்கரத்தின் போல்ட்டையும் புதிதாக மாற்ற வேண்டும். செலவு புரொப்பெல்லரின் விலையையே தாண்டலாம். அதைத் தவிர்த்தால், வானில் என்ஜின் நின்றுபோகலாம்.