'ஸ்டில் கோயிங் ஸ்ட்ராங்' என்று எப்போது சொல்லலாம்?

நாள்பட்டும் வேகம் குறையாத ஒன்றை ஆங்கிலத்தில் 'ஸ்டில் கோயிங் ஸ்ட்ராங்' என்பார்கள். இந்நேரம் ஓய்ந்திருக்கும் என்று நினைத்திருப்போம், ஓயவில்லை. அந்த வியப்புதான் இதற்கு உயிர், அதைச் சுமப்பது 'ஸ்டில்'. தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 500-க்கும் மேற்பட்ட படிகளை ஏறி முடிக்கும்போதும், புறப்பட்டபோது ஆடிய அதே ஆட்டத்தோடு வரும் காவடிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், 1923-இல் ஓடத் தொடங்கிய பினாங்குக் கொடிமலை ரயிலுக்கும் தாராளமாகச் சொல்லலாம். பெட்டிகள் மாறியும் கூட்டம் குறையவில்லை. நேற்றுத் திறந்த கடைக்குச் சொன்னால் ஒட்டாது. 'ஸ்ட்ராங்' என்றதும் பலர் உடல்வலிமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடை, நட்பு, விடாத மழை எதற்கும் இது பொருந்தும், 'ஸ்ட்ராங்லி' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.