கதைமாந்தரின் குணத்தை எங்கே தேடுவது?

கேள்வி: நான் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி. சிறுகதைத் தாளில் ‘ஆசிரியர் பாத்திரத்தை எவ்வாறு வெளிப்படுத்துகிறார்?’ என்ற வினா தவறாமல் வருகிறது. கதையைச் சுருக்கி எழுதி, ‘இவர் சிக்கனமானவர், நகைச்சுவை உணர்வு மிக்கவர்’ என்று முடிக்கிறேன். மதிப்பெண் பாதிதான் கிடைக்கிறது. எப்படி அணுக வேண்டும்?

பதில்: வினா ‘எத்தகையவர்’ என்று கேட்கவில்லை, ‘எவ்வாறு வெளிப்படுத்துகிறார்’ என்று கேட்கிறது. தாங்கள் எழுதுவது முதல் கேள்விக்கான விடை. ஒருவர் சிக்கனமானவர் என்று நமக்குத் தோன்றுவதற்கு ஆசிரியர் எந்த இடத்தில், எந்த உத்தியால் வழிசெய்தார் என்று காட்டினால்தான் இரண்டாம் கேள்விக்கு விடை கிடைக்கும். பாடத்திட்டங்களில் அடிக்கடி இடம்பெறும் ஒரு கதையை வைத்தே பார்ப்போம்: புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’.

அதன் முதல் பத்தியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மேலகரம் மே.க.ரா. கந்தசாமிப் பிள்ளையவர்கள் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில், ‘ஆபத்தில்லாத ஓரத்தில்’ நின்றுகொண்டு, ‘வெகு தீவிரமாக’ச் சிந்திக்கிறார். ஊர், தலைப்பெழுத்துகள், சாதிப்பெயர், மரியாதை விகுதி எனப் பட்டாபிஷேகத்துக்கு அறிவிப்பதைப்போல் அறிவிக்கப்பட்ட அந்த மனிதர் எதைப் பற்றி அவ்வளவு தீவிரமாகச் சிந்திக்கிறார்? டிராமில் போனால் காலணா மிஞ்சும், அதில் வெற்றிலை பாக்குப் போட்டுக்கொள்ளலாம். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரை ஏமாற்றிக்கொண்டே சென்ட்ரலைத் தாண்டிய பிறகு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. பெயரின் நீளத்துக்கும் கணக்கின் சிறுமைக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் நாம் சிரிக்கிறோம். அந்தத் தூரத்தை உண்டாக்கியது கதைசொல்லியின் தொனி. பிள்ளை அதில் ஒன்றும் செய்யவில்லை. ஆகவே இங்கே முதலில் குறிக்க வேண்டிய உத்தி கதைசொல்லியின் எள்ளல்.

அடுத்ததாக அந்தக் கணக்கையே கவனியுங்கள். கையில் காசு குறைவு என்பது மட்டும் செய்தியானால் ஒரு வரி போதும். ஆசிரியர் அதை இரண்டு வழிகளுக்கு இடையிலான தேர்வாக அமைத்து, பிள்ளையின் மனவோட்டத்துக்குள் நம்மை இறக்குகிறார். ஏமாற்று என்று கண்டக்டரே வெற்றிலை வைத்து அழைப்பதாகவும், இந்த விவகாரத்தில் எது தர்ம விரோதம் என்றும் அவர் தமக்குள் வழக்காடுகிறார். சில்லறை விஷயத்துக்குக்கூடத் தர்மத்தைச் சாட்சிக்கு இழுக்கும் இந்த மனத்தைச் ‘சிக்கனம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்க முடியாது. தாங்கள் பட்டியலிடும் குணப்பெயர்கள் மதிப்பெண் பெறாததற்குக் காரணமும் இதுவே: அவை பொய்யல்ல, ஆனால் ஆயிரம் கதைமாந்தருக்குப் பொருந்தும்.

உரையாடலைப் பார்க்கும்போது என்ன பேசினார் என்பதோடு நிற்காமல், அந்தச் சூழலில் வேறொருவர் என்ன பேசியிருப்பார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எதிரில் நிற்பவர் தம்மைக் கடவுள் என்று அறிவிக்கிறார். சில நாட்களுக்கு விருந்தாளியாக இருக்கப்போவதாகவும் சொல்கிறார். பக்திக் கதையாக இருந்தால் காலில் விழும் காட்சி வந்திருக்கும். பிள்ளையோ தாராளமாகத் தங்கலாம் என்கிறார்; ஆனால் கடவுள் என்று வெளியில் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். உம்மைப் பைத்தியக்காரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, என் வீட்டுக்காரி என்னை அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதே அவர் கவலை. விருந்தோம்பல், உலக அனுபவம், மனைவியிடம் உள்ள அச்சம் மூன்றும் ஒரே பதிலில் வந்துவிடுகின்றன. அவற்றுள் எதையும் கதைசொல்லி பெயரிட்டுச் சொல்லவில்லை என்பதையும் விடையில் குறிப்பிடுங்கள்.

கடவுளைப் பக்கத்தில் நிறுத்தியிருப்பதும் ஓர் உத்திதான். எல்லாம் வல்லவர் சென்னை நகரத்தில் திகைக்கிறார். ஒன்றும் இல்லாதவர் அவருக்கு வழிகாட்டுவதோடு தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் கேட்கிறார். உடன் வரும் பாத்திரம் மாறியிருந்தால் பிள்ளையின் சாமர்த்தியம் நமக்கு இத்தனை துலக்கமாகத் தெரிந்திருக்காது. தோற்ற வருணனையை நான் கடைசியில்தான் வைப்பேன். மாணவர்கள் அதற்குத் தேவைக்கு மேல் இடம் கொடுக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. எல்லாக் கதைகளிலும் இதே கருவி உதவும் என்று எண்ண வேண்டாம். இதே ஆசிரியரின் ‘பொன்னகரம்’ கதையில் அம்மாளுவின் மனத்துக்குள் நாம் இவ்விதம் அழைத்துச் செல்லப்படுவதில்லை. அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால் கஞ்சி வார்க்க வேண்டும், கையில் காசு இல்லை, முக்கால் ரூபாய்க்காக ஒருவனுடன் இருளில் ஒதுங்குகிறாள், அவ்வளவுதான். பிறகு கதைசொல்லி வாசகரை நோக்கித் திரும்பி, கற்பைப் பற்றிக் கதைப்பவர்களைச் சாடுகிறார். அந்தக் குரலை அம்மாளுவின் குரலாக எடுத்துக்கொண்டு அவள் சமூகத்தைச் சாடுகிறாள் என்று எழுதினால் அது பிழை. அவளைப் பற்றி எழுத நமக்குக் கிடைப்பது அவளுடைய செயலும் அதற்கான காரணமும் மட்டுமே. அவள் என்ன உணர்ந்தாள் என்பதை ஆசிரியர் சொல்லாமல் விட்டிருப்பதையே விடையில் ஒரு கருத்தாக வைக்கலாம்.

தேர்வில் மூன்று இடங்களுக்கு மேல் தொட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் முதல் வாக்கியத்தில் உத்தியையும் அது காட்டும் குணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்து, கதையிலிருந்து ஒரு தொடரையோ செயலையோ சான்றாக வையுங்கள். பிறகு அந்தச் சான்று அந்தக் குணத்தை எப்படிக் காட்டுகிறது என்று இரண்டு மூன்று வரிகளில் விளக்குங்கள். கதைச் சுருக்கத்துக்கு நான்கு வரிகள் தாராளம். விடைத்தாளைத் திருத்துபவருக்குக் கதை தெரியும்.