யார் யாருக்குக் கொடுத்தது? மாட்டுக் காசநோய் பற்றிக் கேள்வி பதில்

பினாங்கு வாசகர்களின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

டாக்டர், எங்கள் மாட்டுக்கொட்டகை செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து தீவனத் தொட்டியில் வாய் வைக்கிறது. காசநோய் ஒட்டுமா? (பட்டர்வொர்த்)

பன்றிக்கு நோய் இருந்தால் ஒட்டலாம் அண்ணே. ஸ்பெயினில் இந்தக் கிருமி காட்டில் நிலைத்திருக்க முக்கியக் காரணமே காட்டுப்பன்றிதான். மாடும் பன்றியும் நேரில் உரச வேண்டியதில்லை, ஒரே தொட்டியில் குடித்தாலே பரவ வழியுண்டு. இரவில் தீவனத்தை மூடி வையுங்கள், வேலியைப் பலப்படுத்துங்கள்.

இரண்டிலும் ஒரே கிருமி இருந்தால், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எப்படித் தெரியும்? (கல்லூரி மாணவி, ஜார்ஜ்டவுன்)

நல்ல கேள்வி தங்கச்சி. மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்ற இந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 43 லட்சம் எழுத்துகள். அதில் ஓர் எழுத்து மாறவே சில ஆண்டுகள் ஆகும். அதனால் இரண்டு மாதிரிகள் அச்சு அசலாக ஒத்திருந்தாலும், நேரடியாகத் தொற்றியதா, நடுவில் மூன்றாவது விலங்கு உண்டா என்று சொல்ல முடியாது. பல ஆண்டு மாதிரிகள், எடுத்த தேதி, இடம், மாடு கைமாறிய பதிவு எல்லாம் சேர்ந்தால்தான் திசை தெரியும். இங்கிலாந்தின் உட்செஸ்டர் பார்க்கில் பேட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கைப் பல பத்தாண்டுகளாகக் கண்காணித்ததால்தான் அது முடிந்தது. 2019இல் வந்த ஆய்வின்படி, அங்கே நோய் இரு பக்கமும் போயிருக்கிறது, பேட்ஜரிலிருந்து மாட்டுக்கு அதிகமாக. ஆனால் மாட்டுக்கு மாடு, பேட்ஜருக்குப் பேட்ஜர் பரவியது அதைவிட அதிகம்! காட்டு விலங்கின் மேல் மட்டும் பழிபோடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் சுட்டுவிட்டால் தீராதா? (பாலிக் புலாவ்)

அவசரப்படாதீர்கள். 1998 முதல் 2005 வரை இங்கிலாந்தில் அதைச் சோதித்தார்கள். பேட்ஜர்களை அழித்த பகுதிக்குள் மாட்டு நோய் குறைந்தது, சுற்றுவட்டாரத்தில் கூடியது. மிஞ்சியவை எல்லை கலைந்து அலைந்ததே காரணம் என்கிறார்கள். நியூசிலாந்தில் போசம் (possum) என்ற மரமேறும் சிறு விலங்கைக் குறைத்தது பலன் தந்தது உண்மை. ஆனால் அது ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட விலங்கு, நிலைமை வேறு. முதலில் மாட்டைப் பரிசோதியுங்கள், புதிதாக வாங்கியதைத் தனியே கட்டுங்கள்.

யானைக்கும் வருமா?

வரும். மனிதர் வளர்க்கும் யானைகளில் பெரும்பாலும் காண்பது மனிதக் காசநோய்க் கிருமி. பாகன்களையும் பரிசோதிக்க வேண்டும்.

தைப்பூசத்தில் அபிஷேகப் பாலைப் பச்சையாகவே குடிக்கிறோமே? (தண்ணீர்மலை)

பதப்படுத்திய பால் என்றால் இந்த நோய்ப் பயம் வேண்டாம். 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினாலே கிருமி செத்துவிடும். கொட்டகையில் கறந்த பால் என்றால் நன்றாகக் காய்ச்சி, ஆறவைத்துக் குடத்தில் ஊற்றுங்கள் அம்மா.