சித்தியின் கடனும் உங்கள் துப்பட்டாவும்

அன்புள்ள ஐயா,

தென்காசி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போகிறேன், இரண்டாம் ஆண்டு. என்னைப் படிக்க வைப்பது பீடி சுற்றும் என் சித்திதான். அவர் பட்ட கடனையும் அதனால் வீட்டில் நடந்ததையும் கதையாக எழுதினேன். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டேன். அம்மா படித்துவிட்டு, "வீட்டு விஷயத்தை ஊருக்கே சொல்லப் போறியா?" என்று அழுதுவிட்டார். தோழியோ, "இதெல்லாம் நடந்ததுதானே, இதுல கதை எங்க?" என்கிறாள். கதையை இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்ய? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

கதையைப் படித்தேன். கடன்காரர் வாசலில் நின்றது, சித்தப்பா கைநீட்டியது, சித்தி அழுதது எல்லாம் நடந்த வரிசையிலேயே வருகின்றன. நீங்கள் சொல்வதை நம்புகிறேன், ஆனால் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. உங்கள் தோழி கேட்பது அதைத்தான்.

நடுவில் ஒரு இடம் இருக்கிறது. சித்திக்குக் காய்ச்சல், பீடிக் கடைக்கு நீங்கள் போகிறீர்கள். கடைக்காரர் கட்டைப் பிரித்து, முனை சரியாக மடங்காததை ஒவ்வொன்றாகக் கழித்துப் போடுகிறார். கழித்ததற்குக் கூலி கிடையாது. அந்த நேரம் பார்த்து உங்களோடு படிக்கும் பெண் ஒருத்தி தெருவில் வர, பீடி இருந்த பெட்டியைத் துப்பட்டாவால் மூடுகிறீர்கள். மூன்றே வரி. அப்புறம் மறுபடி கடன்காரரிடம் போய்விட்டீர்கள்.

கதை அங்கேதான் இருக்கிறது. சித்தியின் கையால் படித்துக்கொண்டே அந்தக் கையின் வேலையை மறைத்த பெண்ணை எழுதுங்கள். அவளை நல்லவளாக்க வேண்டாம். அதற்குக் கடனும் சித்தப்பாவும் தேவையே இல்லை. அம்மா பயந்த விஷயம் தானாகவே கதையிலிருந்து போய்விடும்.

அம்மாவின் பயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். பெயரை மாற்றினாலும் உங்கள் தெருவுக்கு ஆள் யாரென்று தெரியும். எழுத்தாளர் பாமாவின் தன்வரலாற்று நூலான 'கருக்கு' 1992இல் வந்தபோது சொந்த ஊரிலேயே கோபம் கிளம்பியது. சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. அவர் எழுதியது தன் வாழ்க்கையை, அதற்கான விலையையும் அவரே கொடுத்தார். உங்கள் கதை இப்படியே அச்சில் வந்தால் தெருப் பேச்சைக் கேட்கப்போவது சித்தி. எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

எழுத்தாளர் அசோகமித்திரன் சென்னையில் படம் எடுத்த ஜெமினி ஸ்டுடியோவில் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். விலகிய பிறகுதான் சினிமா உலகைப் பற்றிய அவருடைய நாவல் 'கரைந்த நிழல்கள்' வந்தது. அதில் யார் யார் என்று தேட வேண்டிய அவசியமே நமக்கு வருவதில்லை. படப்பிடிப்புக்கு ஆள் திரட்டும் அந்த அதிகாலை அலைச்சலே நம்மைப் பிடித்துக்கொள்கிறது. கிடைத்தால் படியுங்கள்.

திருத்தி எழுதியதும் முதலில் சித்திக்கு வாசித்துக் காட்டுங்கள். இலை வெட்டுவதிலும் நூல் கட்டுவதிலும் நீங்கள் தப்பாக எழுதியிருப்பதை அவர்தான் சொல்ல முடியும். அச்சுக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால் சரி, அனுப்பாதீர்கள். ஆனால் எழுதாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.