பாடசாலைச் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க முன் கேட்க வேண்டிய கொப்பிகள்

கேள்வி: ரொறன்ரோவில் உள்ள எங்கள் ஊர் ஒன்றியத்திடம் ஒரு தொண்டு நிறுவனம் உதவி கேட்டிருக்கிறது. வன்னியில் மல்லாவிப் பக்கம் நாங்கள் படித்த பாடசாலையில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கிறார்களாம். தரம் 1 முதல் 11 வரை 140 பிள்ளைகள், ஒரு சாப்பாடு 250 ரூபா, மாதம் 7 இலட்சம் ரூபா. படங்கள் நிறைய அனுப்பியிருக்கிறார்கள். கொடுக்க விருப்பம்தான். ஆனால் காசு பிள்ளையின் தட்டுக்குப் போகிறதா என்று இங்கிருந்து எப்படிப் பார்ப்பது?

பதில்: படங்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு இரண்டு கொப்பிகளைக் கேளுங்கள். ஒன்று வகுப்பு வரவு இடாப்பு. மற்றது அன்றன்று எத்தனை பிள்ளைகளுக்குப் பரிமாறினார்கள் என்று எழுதும் உணவுப் பதிவேடு. ஒரே கிழமைக்கு உரிய பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் போதும். இடாப்பில் பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு மொத்தத் தொகையை மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

எந்தக் கிழமை என்பதை நீங்களே தெரிவு செய்யுங்கள். கார்த்திகையில் மழை அடித்து ஊற்றிய ஒரு கிழமை நல்லது. வன்னியில் காலபோகத்துக்குப் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்தால் தை, மாசியில்தான் வெட்டு. கையில் இருந்த காசு விதைநெல்லுக்கும் உரத்துக்கும் போயிருக்கும், மழையால் கூலிவேலையும் நின்றிருக்கும். வீட்டில் அரிசிப் பானை அடி தட்டும் காலம் அதுதான். அதே நாட்களில்தான் விறகு நனையும், மரக்கறி விலை ஏறும், வாய்க்கால் பெருகிச் சமைக்கிற அம்மாவால் வர முடியாமல் போகும். பிள்ளைக்குச் சாப்பாடு மிகவும் தேவைப்படும் கிழமையும் திட்டம் சறுக்கக்கூடிய கிழமையும் ஒன்றே. அந்தக் கிழமையில் ஐந்து நாளும் அடுப்பு எரிந்திருந்தால் உங்கள் சந்தேகத்தில் பாதி தீர்ந்துவிடும். இரண்டு நாள் சமைக்கவில்லை, அதற்கான காரணமும் எழுதியிருக்கிறது என்றாலும் பரவாயில்லை. எல்லா நாளும் 140, 140 என்று ஒரே பேனையில் ஒரே கையெழுத்தில் இருந்தால் அந்தக் கொப்பி உங்களுக்காக எழுதப்பட்டது. எந்தப் பாடசாலையிலும் எல்லாப் பிள்ளையும் எல்லா நாளும் வருவதில்லை.

இனி 7 இலட்சக் கணக்குக்கு வருவோம். 140 பிள்ளைகள், 250 ரூபா, நாளுக்கு 35,000 ரூபா. 7 இலட்சம் என்றால் மாதத்துக்கு 20 நாள், 12 மாதத்துக்கும் அனுப்பினால் 240 நாள். தவணை விடுமுறை, போயா, பொது விடுமுறை, பரீட்சை மண்டபமாகப் பாடசாலை மூடப்படும் நாட்கள் எல்லாம் போக, வருடத்தில் 190 நாள் சமைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 50 நாளுக்கு 17 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. இது களவு என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். மாதச் சந்தா என்று கேட்பது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தக் காசு எந்தத் தலைப்பில் போகிறது என்று அவர்கள் சொல்லத்தான் வேண்டும். அதேபோல 140 என்பது சேர்விடாப்பு எண். வரவு சராசரி 118 என்றால் நாளுக்கு 22 சாப்பாட்டின் காசு, 5,500 ரூபா, மிஞ்ச வேண்டும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய விலை வேறு: வருடம் முழுக்கச் செலவான மொத்தத் தொகையை உண்மையில் பரிமாறிய சாப்பாட்டு எண்ணிக்கையால் பிரியுங்கள். சமையல் கூலி, விறகு, போக்குவரத்து, கணக்காய்வுச் செலவு எல்லாம் அதற்குள் வரட்டும். நிர்வாகச் செலவே இல்லை என்று பெருமை பேசும் நிறுவனத்தைவிட, கணக்கு எழுதும் ஆளுக்கு இவ்வளவு சம்பளம் கொடுக்கிறோம் என்று சொல்லும் நிறுவனத்தை நம்பலாம். கொப்பி எழுத ஆள் இல்லாத இடத்தில்தான் அரிசி காணாமற் போகும்.

அடுத்தது, வெளிநாட்டில் இருந்து கொடுப்பவர்கள் அநேகமாகக் கேட்காமல் விடுவது. அரசாங்கத்தின் பாடசாலை உணவுத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2024 இல் அது அரச பாடசாலைகளில் தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிக்கப்பட்டது. உங்கள் பாடசாலையின் 140 பேரில் ஆரம்பப் பிரிவு 55 என்றால், அந்த 55 தட்டுக்கும் அரச காசு வருகிறதா, அதே தட்டுக்கு உங்கள் காசும் போகிறதா? அதிபரிடமும் துணுக்காய் வலயக் கல்வி அலுவலகத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள். எந்தத் தரங்களுக்கு, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு, சமைப்பவருக்கு எத்தனை மாதக் காசு நிலுவை என்ற மூன்றும் போதும். ஒரே சமையற்காரர் இரண்டு பக்கமும் சிட்டை போட்டால் அது இரட்டைக் கணக்கு. அதற்காக ஆரம்பப் பிரிவை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அரச சாப்பாட்டோடு கிழமைக்கு இரண்டு முட்டை சேர்த்துக் கொடுப்பது நல்ல வேலை. தரம் 6 முதல் 11 வரை உள்ளவர்களுக்குச் சமைப்பது அதைவிட அவசியம். வளரும் வயதுப் பெண்பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள், சாதாரண தரத்துக்குப் பின்னேர வகுப்பில் வெறும் வயிற்றோடு இருப்பவர்களும் அங்கேதான்.

எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பாடசாலை விடுவது 1.30 மணிக்கு. 'மதிய உணவு' என்று 1.30 க்குப் பரிமாறினால், பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளை சாப்பிடாது. தூரத்தில் இருந்து வரும் அந்தப் பிள்ளைதான் காலையிலும் சாப்பிடாமல் வந்திருக்கும். காலை இடைவேளையில் கொடுத்தால் படிப்புக்கும் உதவும், தட்டும் வீணாகாது.

தட்டில் என்ன இருக்க வேண்டும்? இந்தியாவின் மதிய உணவுத் திட்ட அளவு ஒரு நல்ல அளவுகோல். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்குச் சமைக்காத நிறையில் அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், மரக்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். கிடைப்பது சுமார் 450 கலோரி, 12 கிராம் புரதம். 6 முதல் 8 ஆம் வகுப்புக்கு அரிசி 150, பருப்பு 30, மரக்கறி 75, எண்ணெய் 7.5 கிராம். இதை வைத்துச் சிட்டைகளைச் சரிபார்க்கலாம். 118 பிள்ளைகளுக்கு ஆகக் குறைந்த அளவே எடுத்தாலும் நாளுக்கு அரிசி 12 கிலோ, பருப்பு 2 கிலோ 400 கிராம் வேண்டும். 16 நாள் சமைத்த மாதத்தில் அரிசி 190 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது, பருப்பு 38 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. பருப்புச் சிட்டை 15 கிலோவுக்குத்தான் இருக்கிறது என்றால் பிள்ளைகள் மஞ்சள் தண்ணீர்தான் குடித்திருக்கிறார்கள். அரிசி 400 கிலோ என்றால் மிச்சச் சாக்கு எங்கே என்று கேட்க வேண்டும். முட்டை கிழமைக்கு இரண்டு நாள் என்றால் அந்த மாதம் ஏறத்தாழ 900 முட்டைக்குச் சிட்டை இருக்க வேண்டும். காசு இறுகும்போது முதலில் காணாமற் போவது முட்டைதான். அதனால் முட்டைச் சிட்டையை மட்டும் மாதம் மாதம் வாங்கினாலே திட்டத்தின் நாடி தெரியும்.

ஊரில் உள்ள நம்பிக்கையான ஒருவரைச் சொல்லாமல் ஒருநாள் அனுப்புங்கள். அதிபரின் அனுமதியோடு போக வேண்டும், ஆனால் எந்த நாள் என்று சமையல் பக்கத்துக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. அவர் வரிசையின் தொடக்கத்தில் நிற்கத் தேவையில்லை, கடைசியில் நிற்கட்டும். முதல் வகுப்புக்கு அகப்பை நிறையச் சோறும் கட்டிப் பருப்பும் போகும். கடைசி வகுப்பு வரும்போது கிடாரத்தின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்கிறதா, பருப்பில் சுடுதண்ணீர் ஊற்றுகிறார்களா, அரை முட்டையாக வெட்டுகிறார்களா என்று பார்க்கட்டும். பிறகு கழிவு வாளியைப் பார்க்கட்டும். பூசணியும் கீரையும் அப்படியே கிடந்தால் அளவு சரியாக இருந்தும் சத்து உள்ளே போகவில்லை. கீரையைத் தனிக் கறியாக வைக்காமல் பருப்போடு கடைந்து கொடுத்தால் பிள்ளைகள் ஒதுக்க முடியாது. சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்கக் கூடாது, அது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். தேசிக்காய்ப் புளி, கொய்யாப்பழம், நெல்லிக்காய் ஏதாவது சேர்ந்தால் நல்லது.

அங்கே சமைக்கும் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி: "கடைசியாக எப்ப உங்களுக்குக் காசு வந்தது?" நிறுவனம் இரண்டு மாதம் காசு கொடுக்காமல் விட்டால் அவர் கடையில் கடன் கொப்பிக்குத்தான் அரிசி எடுப்பார். கடைக்காரர் கடன் ஏறினால் பழைய சரக்கைத் தள்ளுவார். இங்கே திட்டங்கள் முறிகிற இடம் பெரும்பாலும் இதுதான். கெட்ட எண்ணம் எவருக்கும் இருக்க வேண்டியதில்லை, காசு பிந்தினாலே போதும். ஒரு மாதச் செலவு முற்பணமாகச் சமைப்பவர் கையில் எப்போதும் இருக்க வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதுங்கள்.

சுகாதாரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வீட்டில் விடிய 5 மணிக்குச் சமைத்துப் பொலித்தீனில் சுற்றி மத்தியானம் கொடுக்கும் பார்சல் ஆபத்தானது. சோறு மணிக்கணக்காக இளஞ்சூட்டில் இருந்தால் அதில் பெருகும் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. தேங்காய்ப்பால் கறி அதைவிட விரைவாகப் பழுதாகும். சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பரிமாற வேண்டும். சமைப்பவரின் மருத்துவச் சான்றிதழ், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைசியாக வந்து பார்த்த திகதி, வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். கை கழுவச் சவர்க்காரம் இருக்கிறதா என்று நேரில் போகிறவர் பார்க்கட்டும்.

பதிவு விடயம் சுருக்கமானது. இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழோ, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதக் கம்பனியாகவோ பதிந்திருப்பார்கள். பதிவிலக்கத்தை வாங்கி மாவட்டச் செயலகத்தில் கேட்டுச் சரிபாருங்கள். கனடாவில் தொண்டு நிறுவனமாகப் பதிந்த கிளை இருந்தால் அது வருடம் தோறும் வருமான வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் ரி3010 படிவத்தை எவரும் இணையத்தில் பார்க்கலாம். வெளிநாட்டில் செலவழித்த தொகை அதில் இருக்கும். இலங்கையில் காட்டும் கணக்கோடு அதை ஒப்பிடுங்கள். தனியாள் கணக்குக்குக் காசு அனுப்பவே வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவர் என்றாலும். ஆனால் பதிவு என்பது படலை மட்டும்தான், அடுப்பு எரிகிறதா என்று அது சொல்லாது.

"மூன்று மாதத்தில் மந்தபோசணை பாதியானது" என்று அறிக்கை வந்தால் எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். உயரமும் நிறையும் அளக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடப்பதில்லை. ஒரு சாப்பாட்டால் ஒரு தவணைக்குள் பெரிதாக மாறக்கூடியது வரவுதான். திங்கட்கிழமை வரவு, மழைநாள் வரவு என்று பார்த்தால் மாற்றம் தெரியும்.

பிறந்தநாள் சாப்பாடு பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவருடைய பிறந்தநாளுக்கும் இன்னொருவருடைய திவசத்துக்கும் என்று நாள் நாளாகப் பிரித்துக் கொடுக்கும் திட்டங்கள் வன்னியில் நிறைய. மனம் நல்லது. ஆனால் ஒரு நாள் பிரைட் றைஸும் ஐஸ்கிறீமும் வர, அடுத்த மூன்று நாளும் அடுப்பு குளிர்ந்திருந்தால் பிள்ளைக்குப் பயன் குறைவு. உங்கள் உறவினர் நினைவாகக் கொடுப்பதானால் அந்தக் காசைப் பொதுப் பெட்டியில் சேர்த்து, அன்றும் வழக்கமான சோறும் பருப்பும் முட்டையும் கொடுக்கச் சொல்லுங்கள். பதாகை பிடித்துப் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். தட்டோடு நிற்கும் முகம், "தந்தையை இழந்த" என்ற குறிப்பு, பெயர், வகுப்பு எல்லாம் முகநூலில் போகிறது. அந்தப் பிள்ளை நாளைக்கு அதே ஊரில் வளர்ந்து நிற்க வேண்டியவள்.

முதலில் ஒரு தவணைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். முதல் மாதக் காசை முற்பணமாக அனுப்பி, உணவுப் பதிவேடு, வரவுத் தொகை, அரிசி, பருப்பு, முட்டைச் சிட்டைகள் வந்த பிறகு அடுத்த மாதத்துக்கு அனுப்புங்கள். எத்தனை சாப்பாடு பரிமாறினார்களோ அதற்கே காசு, மிச்சம் அடுத்த மாதக் கணக்கில். கொப்பி காட்ட முடியாது என்று நிறுவனம் மறுத்தால் பிள்ளைகளைக் கைவிட வேண்டியதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு, அதிபரும் வலயமும் அறிய, தரம் 6 முதல் 11 வரைக்கு மட்டும் என்று எழுதி நேரடியாக அனுப்பலாம். சமையலுக்கு ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைக் கேட்டால் ஆள் கிடைக்கும். அப்போதும் கேட்க வேண்டியது அதே இரண்டு கொப்பிகள்தான்.