வரவேற்புக்கு டி.ஜே.: இருபதாயிரமா, எண்பதாயிரமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு வரும் தை மாதம் திருச்சியில் திருமணம். முதல் நாள் மாலை அதே மண்டபத்தில் வரவேற்பு. அறுநூறு பேர் வரை வருவார்கள். மெல்லிசைக் கச்சேரி வைக்கலாம் என்றார் என் கணவர். மகளோ டி.ஜே.தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மூன்று பேரிடம் விசாரித்தோம். ஒருவர் 20 ஆயிரம், ஒருவர் 45 ஆயிரம், இன்னொருவர் 80 ஆயிரம் கேட்கிறார். மூவரும் செல்பேசியில் வீடியோ அனுப்பினார்கள். எனக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதைப் பார்த்து முடிவு செய்வது? சத்தம் தாங்காமல் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்களோ என்ற பயம் வேறு. திருமணத்தில் சினிமா பாட்டு போட உரிமம் வாங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னாரே, உண்மையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று வீடியோக்களும் ஒன்றுபோல இருப்பதில் வியப்பில்லை. அவற்றில் கேட்கும் பாட்டு பெரும்பாலும் மண்டபத்தில் ஒலித்தது அல்ல. பிறகு கணினியில் ஒட்டியது. வண்ண விளக்கு, புகை, கையை உயர்த்தி ஆடும் பத்து இளைஞர்கள் எல்லாம் தெரியும். அந்தப் பத்துப் பேருக்குப் பின்னால் எத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன என்பது தெரியாது.

மார்கழிக்கு முன்னால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முகூர்த்தங்கள் இருக்கின்றன. அந்த மூவரும் எங்காவது நிகழ்ச்சி நடத்தத்தான் போகிறார்கள். அந்த வீட்டாரிடம் அனுமதி பெற்றுத் தரச் சொல்லி, மண்டபத்தின் கடைசி வரிசையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள். "அதெல்லாம் சரிப்படாது" என்று நழுவுகிறவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

போகும்போது ஏழரை மணிக்குப் போங்கள். ஒன்பதரைக்குப் போகாதீர்கள். ஒன்பதரைக்கு ஆட வேண்டும் என்று காத்திருக்கும் கூட்டம் யார் பாட்டு போட்டாலும் ஆடும். நம் ஊர் வரவேற்பில் முதல் இரண்டரை மணி நேரம் யாரும் ஆடுவதில்லை. மணமக்கள் மேடையில் நிற்பார்கள். கையில் மொய்க் கவருடன் வரிசை நகரும். புகைப்படக்காரர் "இன்னும் கொஞ்சம் உள்ளே வாங்க" என்று கையசைப்பார். கீழே நாற்காலிகளில் பல வருடம் கழித்துச் சந்தித்த சித்தப்பா மக்களும் பெரியப்பா மக்களும் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் டி.ஜே. செய்ய வேண்டியது பேச்சுக்கு இடைஞ்சலாக இல்லாமல் இருப்பது. பக்கத்து நாற்காலிக்காரரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த ஆளுக்குத் தொழில் தெரியும். ஆறரை மணிக்கே மார்பு அதிரும்படி அடிக்கிறவருக்கு மகளே ஆசைப்பட்டாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பாட்டுத் தேர்வையும் அப்போதே கவனியுங்கள். பழைய மெலடி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மெட்டு தேனாக இருக்கும். வரிகளோ பிரிவையும் சாவையும் பாடும். மாலையும் கழுத்துமாக நிற்கும் பெண்ணுக்கு முன்னால் அது ஓடும்போது முதலில் முகம் சுளிப்பது வயதானவர்கள்தாம். வாத்திய இசையாகப் போட்டாலும் அவர்களுக்கு வரி நினைவுக்கு வந்துவிடும். பாட்டின் பொருள் தெரிந்து போடுகிறவர் 20 ஆயிரம் வாங்குகிறவராக இருந்தாலும் எனக்கு அவர்தான் பெரியவர்.

முடிந்தால் ஆட்ட நேரத்திலும் கால் மணி நேரம் இருந்து பாருங்கள். ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போகும் இடத்தில்தான் டி.ஜே.வுக்கும் வெறுமனே மைக் செட் போடுகிறவருக்கும் உள்ள வேறுபாடு தெரியும். மேற்கத்திய நடனப் பாட்டுகள் நாலு நாலாக எண்ணும் தாளத்தில் ஓடுபவை. நம் குத்துப் பாட்டுகளில் பல, மூன்று மூன்றாகத் துள்ளும் நடையில் வருபவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று தாவினால் ஆடுகிறவர்களின் கால் தடுமாறும். நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள். கைதேர்ந்தவர் நடுவில் ஒரு வெறும் தாளத்தையோ, கூட்டமே சேர்ந்து பாடும் ஒரு வரியையோ விட்டு, அந்த இடைவெளியில் நடையை மாற்றிக்கொள்வார். கூட்டம் கலையாது.

பெரியவர்களைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 85 டெசிபல் அளவுள்ள ஓசையை எட்டு மணி நேரம் வரை கேட்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பது தொழிலிடங்களில் காதைக் காக்க வைத்திருக்கும் ஒரு கணக்கு. அதன்படி 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். மண்டபத்தில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு முன்னால் நூறைத் தொடுவது கடினமே அல்ல. அங்கேதான் நாம் தாத்தா பாட்டிகளுக்கு முன் வரிசையில் இடம் போட்டு வைப்போம்! மரியாதை என்று நினைத்துச் செய்கிற கொடுமை அது.

இதற்கு வழி இருக்கிறது. நம் மண்டபங்கள் கிரானைட் தரையும் கண்ணாடிச் சன்னலும் வெறும் சுவருமாக இருப்பவை. ஓசை மோதித் திரும்பி இரைச்சலாகும். மேடையோரம் இரண்டு ராட்சதப் பெட்டிகளை வைத்து, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று முடுக்கினால் முன் வரிசைக்குக் காது போகும். அதற்குப் பதில் மண்டபத்தின் பாதித் தொலைவில் இரண்டு சிறிய பெட்டிகளைக் கூடுதலாக வைத்து, எல்லாவற்றையும் தணிவாக ஒலிக்கவிடலாம். "எத்தனை வாட்ஸ் கொண்டுவருவீர்கள்?" என்று கேட்காதீர்கள். "பெட்டிகளை எங்கே வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். மண்டபத்தை நேரில் பார்க்காமலே பதில் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். முதியவர்களின் நாற்காலிகளைப் பெட்டிகளிலிருந்து தள்ளி, பந்திக்குப் போகும் கதவோரம் போடச் சொல்லுங்கள். நடைபாதையின் குறுக்கே ஓடும் கேபிள்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டவும் சொல்லிவிடுங்கள். பட்டுப் புடவைக் கொசுவம் அதில் மாட்டினால் விழுவது யாரோ ஒரு பாட்டிதான்.

இனி உரிமம். காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, மதச் சடங்குகளில் ஒலிக்கும் பாட்டுக்கு விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. இதை வலியுறுத்தி மத்திய அரசு 2023 ஜூலையில் ஓர் அறிவிப்பும் வெளியிட்டது. ஆகவே உங்கள் வரவேற்புக்குக் கட்டணம் என்று யாராவது கேட்டால், எந்தச் சட்டப் பிரிவின்படி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். இந்த விலக்கு திருமணத்துக்குத்தான். ஓட்டலில் வைக்கும் புத்தாண்டு விருந்துக்கும் நிறுவன விழாவுக்கும் இதைக் காட்ட முடியாது.

உங்களுக்கு உண்மையில் குறுக்கே வரக்கூடிய விதி வேறு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு என்றாலும், வெளியே கசியும் ஓசைக்கு வரம்பு இருக்கிறது. குடியிருப்புப் பகுதி என்றால் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் புகார் போகும், போவதும் சரிதான். பத்து மணிக்கு நிறுத்திவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஆட்டத்துக்குக் கிடைப்பது ஒன்பதிலிருந்து பத்து வரை, ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காக எண்பதாயிரமா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்தத் தொகையில் எல்.இ.டி. திரையும் புகை இயந்திரமும் காகிதப் பொடி வெடிப்பதும் அடங்கியிருக்கலாம். பிரித்து விலை கேளுங்கள். வேண்டாததை எடுத்துவிட்டால் எண்பது ஐம்பதாக இறங்கக்கூடும். புகையும் காகிதமும் மண்டபத்தில் அனுமதியா என்று மேலாளரிடம் கேட்டுவிடுவதும் நல்லது. கூட்டிப் பெருக்கும் செலவைச் சில மண்டபங்கள் உங்கள் தலையில் கட்டிவிடும்.

பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதில் முக்கியமான வரி, யார் வருவார் என்பது. தை முகூர்த்த நாளில் ஒரே குழு மூன்று இடங்களுக்கு ஒப்புக்கொண்டு, நீங்கள் பார்த்தவரை ஓர் இடத்துக்கும் உதவியாளர்களை மற்ற இடங்களுக்கும் அனுப்புவது வழக்கம்தான். வருகிறவரின் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் பெட்டிகளை இறக்கி, நாதஸ்வரக்காரர் வந்து உட்காருவதற்குள் ஒலிச் சோதனையை முடித்துவிட வேண்டும். பாட்டுகள் எல்லாம் அவருடைய கணினியிலேயே இருக்க வேண்டும். இணையத்திலிருந்து ஓடவிட்டால் சிக்னல் போனதும் பாட்டு நிற்கும், இல்லையென்றால் நடுவில் சோப்பு விளம்பரம் வரும். மின்சாரம் போனால் மண்டப ஜெனரேட்டர் அவருடைய பெட்டிகளைத் தாங்குமா என்பதை அவரும் மேலாளரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளட்டும். நீங்கள் நடுவில் நிற்க வேண்டாம். மைக் பிடித்துப் பேசும் ஆள் தனியாக வருவார் என்றால், மேடையில் மணமக்களை என்னவெல்லாம் செய்யச் சொல்லக் கூடாது என்பதை மகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போட வேண்டிய பாட்டுகளின் பட்டியலைவிடப் போடக் கூடாதவற்றின் பட்டியல் அவசியம். அதைச் சம்பந்தி வீட்டாரிடமும் கேட்டு எழுதுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் என் சாய்வு 45 ஆயிரக்காரர் பக்கம். இருபதாயிரத்துக்குள் நல்ல பெட்டியும் உதவியாளும் மாற்றுக் கணினியும் கொண்டுவருவது சிரமம். ஆனால் ஏழரை மணிச் சோதனையில் 20 ஆயிரக்காரர் தேறினால் தயங்காமல் அவரையே அமர்த்துங்கள். மிச்சப்படும் பணத்தில் உங்கள் கணவரின் ஆசைக்கு, ஏழிலிருந்து எட்டு வரை ஒரு புல்லாங்குழல் கலைஞரையும் தபலாக்காரரையும் உட்கார வைக்கலாம். டி.ஜே.யின் பெட்டிகளே அவர்களுக்கும் போதும். அதையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, டி.ஜே.வும் அவருடைய ஆட்களும் எட்டரைக்குள் சாப்பிட்டுவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரை நியமியுங்கள். ஒன்பது மணிக்குமேல் அவர்கள் இடத்தைவிட்டு எழ முடியாது. பெட்டிகளை ஏற்றி முடிக்கும்போது பந்தியில் இலை இருக்காது.