மன்னார்குடி அம்மாவுக்கு: சேட்டையா, ஏடிஎச்டியா?

இரண்டாம் வகுப்புப் பையன் ஓரிடத்தில் உட்காருவதில்லை, டீச்சர் ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமலோ, அளவுக்கு மீறிய துறுதுறுப்போடோ இருக்கும் கோளாறு) என்கிறார், எங்கள் தெருவில் யாருக்கும் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். இல்லாமல் இல்லை, சகோதரி. உலக அளவில் நூற்றுக்குச் சுமார் 5 பிள்ளைகளுக்கு இருக்கிறது. 40 பேர் வகுப்பில் இரண்டு பேர். பெண் பிள்ளைகள் பலர் சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதால் கண்ணில் படுவதே இல்லை. என் அண்ணன் மகளை ஒன்பதாவது வரை ‘மந்தம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

டீச்சர் சொன்னது மட்டும் போதாது. வீட்டிலும் பள்ளியிலும் இந்த அறிகுறிகள் உண்டா, 6 மாதமாவது தொடர்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஆற்றில் தண்ணீர் வந்ததும் குதிக்க ஓடுவதெல்லாம் கணக்கில் வராது! முதலில் கண், காது, தூக்கத்தைச் சரிபாருங்கள். அப்புறம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். ஸ்கேனில் இது தெரியாது, அதற்குச் செலவழிக்க வேண்டாம்.